புளியங்கொட்டை போதும், போக்கர் பழகலாம்

வாசகர் கேள்வி - பதில்

இந்த வாரம் பதில் தருபவர்: வணிகக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, மதுரை நரிமேட்டில் குடியிருப்பவர்.

கேள்வி: ஐயா, எனக்கு ரம்மி நன்றாக வரும். திருவிழா லீவில் அண்ணன்மாரோடு விடிய விடிய ஆடுவோம். போக்கரும் கற்றுக்கொள்ள ஆசை. வீடியோ பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
- கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: தம்பி, ரம்மி தெரிந்திருப்பது ஒரு வகையில் உதவி, ஒரு வகையில் இடைஞ்சல். சீட்டைக் கலைக்கவும் வெட்டவும் பிரித்துப் பிடிக்கவும் கை பழகியிருக்கும். ஆனால் வந்ததை வைத்து எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்ற வேகமும் கூடவே வரும். ரம்மியில் ஆடாமல் விலகுகிற முதல் ஸ்கூட்டுக்கே இருபது பாயின்ட் ஏறிவிடுகிறது. அதற்குப் பயந்து மோசமான கையோடும் உட்கார்ந்திருக்கிறோம். போக்கரில், பந்தயத்தில் இன்னும் எதுவும் போடாதவர் கையைக் கீழே வைத்தால் ஒன்றும் குறையாது. வருகிற கையில் பெரும்பாலானதைக் கீழே வைக்கிறவர்தான் நன்றாக ஆடுகிறவர். இதை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

போக்கரில் பல வகை உண்டு. இப்போது அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம், அதையே பழகுங்கள். ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருங்கள். ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டு. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. கப்பலில் நாங்கள் இன்ஜின் ரூம் ஸ்டோரிலிருந்து வாஷர் எடுத்து வந்து ஆடுவோம். எட்டு எம்எம் வாஷர் ஒன்று, பன்னிரண்டு எம்எம் வாஷர் ஐந்து, இருபது எம்எம் வாஷர் இருபது என்று கணக்கு. காசு வைத்து ஆட எங்கள் கப்பல்களில் தடை இருந்தது. அதனால் ஆட்டத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை.

ஒருவர் முன்னால் ஒரு சோடா மூடியை வையுங்கள். அந்தச் சுற்றுக்கு அவர்தான் டீலர். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஒரு கொட்டையும் அடுத்தவர் இரண்டு கொட்டையும் சீட்டைப் பார்க்காமலே நடுவில் வைக்க வேண்டும். இவை சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் பேச வேண்டும். இருக்கிற பந்தயத்துக்குச் சமமாக வைத்தால் கால், ஏற்றினால் ரெய்ஸ், கீழே வைத்தால் ஃபோல்டு. ஒரு சுற்று முடிந்ததும் எல்லாருக்கும் பொதுவாக மூன்று சீட்டைத் திறப்பார்கள், அது ஃப்ளாப். இங்கிருந்து சோடா மூடிக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் பேசுவார். யாரும் பந்தயம் போடாத நிலையில், நானும் போடவில்லை என்று தட்டிவிட்டால் அது செக். அடுத்து ஒரு சீட்டு, டர்ன். கடைசியாக ஒரு சீட்டு, ரிவர். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு சுற்றுப் பந்தயம். நடுவில் சேருகிற மொத்தம் பாட். எல்லாரும் கீழே வைத்து ஒருவர் மட்டும் மிஞ்சினால் சீட்டைக் காட்டாமலே பாட் அவருக்கு. இல்லையென்றால் கடைசியில் கையைத் திறந்து காட்ட வேண்டும். சோடா மூடி இடப்பக்கம் நகரும், அடுத்த ஆட்டம்.

ரம்மிக்காரர் தடுமாறும் இடம் ஒன்று. கையிலுள்ள இரண்டு சீட்டும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கையில் இரண்டு, பொதுவில் ஐந்து, ஆக ஏழில் எது நல்ல ஐந்தோ அதுதான் உங்கள் கை. நடுவில் ஆட்டின் 9, கிளாவர் 9, டைமன் 4, ஸ்பேட் கிங், கிளாவர் 2 கிடக்கின்றன என்று வையுங்கள். உங்களிடம் கிங், குயின். பக்கத்தில் இருப்பவரிடம் கிங், ஜாக். இருவருக்கும் இரண்டு கிங், இரண்டு 9. ஐந்தாவது சீட்டில் உங்கள் குயின் அவருடைய ஜாக்கை மிஞ்சுகிறது, இதைக் கிக்கர் என்பார்கள். அந்த நேரத்தில் மூன்றாவது ஆள் ஸ்பேட் 9-ஐயும் 5-ஐயும் திறந்து வைக்கிறார். மூன்று 9, பாட் அவருக்கு. அந்த 5-ஐப் பார்த்து எல்லாரும் சிரிக்கலாம், ஆனாலும் பாட் அவருக்குத்தான். இப்படிப் பத்து ஆட்டம் எல்லார் சீட்டையும் திறந்து வைத்தே ஆடுங்கள். யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு கவிழ்த்து ஆடலாம்.

கேள்வி: மூணு சீட்டில் வரிசை, கலரை அடிக்கும். போக்கரில் கலர், வரிசையை அடிக்கிறது. குழப்பமாக இருக்கிறது. இதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: மனப்பாடம் செய்யாதீர்கள், எண்ணிப் பாருங்கள். எது அரிதாக வருகிறதோ அது பெரிது என்பதே போக்கரின் சட்டம். 52 சீட்டில் மூன்று சீட்டை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் வெறும் வரிசை 720, வெறும் கலர், அதாவது எல்லாம் ஒரே சின்னம், 1,096. வரிசை அரிது, ஆகவே பெரிது. ஐந்து சீட்டு எடுத்தால் மொத்தம் 25,98,960 விதம். அதில் வரிசை 10,200, கலர் 5,108. ஐந்து சீட்டும் ஒரே சின்னத்தில் அமைவது பாதி அளவுக்குத்தான் நடக்கிறது, அதனால் இங்கே கலர் பெரிது.

மூணு சீட்டில் இந்த நியாயம் ஓரிடத்தில் தவறுகிறது. மூன்றும் ஒரே எண்ணாக வரும் ட்ரெயிலுக்கு 52 விதம், ஒரே கலரில் வரிசையாக வரும் ப்யூர் சீக்வன்ஸுக்கு 48 விதம். அரிதானது ப்யூர் சீக்வன்ஸ்தான். ஆனாலும் ட்ரெயிலுக்குத்தான் முதல் இடம் கொடுத்து ஆடி வருகிறோம். போக்கரின் ஐந்து சீட்டுக் கணக்கில் அப்படி ஒரு இடம்கூட இல்லை. கீழிருந்து சொல்கிறேன். ஒன்றுமே சேராதது 13,02,540. அதாவது பாதிக் கைகள் வெறுங்கைகள். ஒரு ஜோடி 10,98,240. இரண்டு ஜோடி 1,23,552. மூன்று ஒரே எண் 54,912. அடுத்து வரிசை, அதற்கு மேல் கலர். மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் 3,744. நாலும் ஒரே எண் 624. ஒரே கலரில் வரிசை 40, அந்த நாற்பதில் பத்து முதல் ஏஸ் வரை அமைந்த நான்குதான் ராயல் ஃப்ளஷ்.

வரிசையில் ஏஸை இரண்டு முனையிலும் வைக்கலாம். ஏஸ்-2-3-4-5 செல்லும், 10-ஜாக்-குயின்-கிங்-ஏஸ் செல்லும். கிங்கிலிருந்து ஏஸ் வழியாக 2-க்குச் சுற்றிப் போவது செல்லாது.

கேள்வி: கையில் எந்த இரண்டு சீட்டு வந்தால் ஆடலாம்?
- வாசகி, அலங்காநல்லூர்

பதில்: பெரிய ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின், ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் ஜாக்-10, 10-9. ஆரம்பத்தில் இவ்வளவு போதும். ஐந்து கைக்கு ஒரு கைக்கு மேல் ஆடாவிட்டால் சரியாக ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். ஏதோ ஒரு ஜோடி வருவது 17-க்கு ஒரு தடவை, இரண்டு ஏஸ் வருவது 221-க்கு ஒரு தடவை. அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

ஏஸ் வந்துவிட்டதே என்று ஏஸ்-5-ஐப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எதிராளியிடம் ஏஸ்-கிங் இருந்தால் பத்தில் ஏழு தடவை அவர்தான் ஜெயிப்பார். நடுவில் ஏஸ் வந்துவிட்டால் உங்களுக்கு இன்னும் ஆபத்து, இருவருக்கும் ஏஸ் ஜோடி, அவருக்குக் கிக்கர் பெரிது. சின்ன ஜோடி, உதாரணமாக 4-4, மலிவாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஃப்ளாப்பில் மூன்றாவது 4 வருவது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சோடா மூடி யார் முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் முன்னால் இருந்தால் ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாரும் பேசி முடித்த பின் நீங்கள் பேசுகிறீர்கள். அவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த இடத்தில் கொஞ்சம் சுமாரான கையையும் ஆடலாம். முதலில் பேச வேண்டிய இடத்தில் அதே கையைக் கீழே வையுங்கள்.

கேள்வி: கலர் வர ஒரே ஒரு சீட்டு பாக்கி. எதிராளி பந்தயம் போடுகிறார். தொடர்வதா, விடுவதா என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் மனம் போன போக்கில் செய்கிறேன். இதற்குக் கணக்கு உண்டா?
- மளிகைக் கடைக்காரர், திருமங்கலம்

பதில்: உண்டு, அண்ணாச்சி. கடையில் தினமும் நீங்கள் போடுகிற கணக்குதான். போக்கரிலேயே எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் கையில் ஸ்பேட் ஜாக், ஸ்பேட் 10. ஃப்ளாப்பில் ஸ்பேட் கிங், ஸ்பேட் 7, டைமன் 3. ஸ்பேட் நான்கு ஆகிவிட்டது. ஒரு கட்டில் ஸ்பேட் பதின்மூன்று, நான்கைப் பார்த்துவிட்டீர்கள், பாக்கி ஒன்பது. நீங்கள் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டே ஸ்பேடாக வர 47-க்கு 9, அதாவது ஏறக்குறைய 19 சதவீதம். டர்ன், ரிவர் இரண்டிலும் சேர்த்துப் பார்த்தால் 35 சதவீதம். மேஜையில் உட்கார்ந்து வகுக்க வேண்டாம். ஒரு சீட்டு பாக்கி என்றால் உதவுகிற சீட்டை இரண்டால் பெருக்குங்கள், 18. இரண்டு சீட்டு பாக்கி என்றால் நான்கால் பெருக்குங்கள், 36. அவ்வளவு நெருக்கமாக வந்தால் போதும்.

இப்போது விலையைப் பாருங்கள். நடுவில் 20 கொட்டை. எதிராளி 10 வைக்கிறார். நீங்கள் 10 வைத்தால் மொத்தம் 40 ஆகும். 40-க்காக 10, கால்வாசி. நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். அடுத்த சீட்டில் வர வாய்ப்பு 19. இந்த விலைக்கு அது கொள்முதல் ஆகாது. அதே எதிராளி 5 மட்டும் வைத்திருந்தால்? நீங்கள் 5 வைக்க மொத்தம் 30, தேவை 17 சதவீதத்துக்கும் கீழே. தாராளமாகத் தொடரலாம்.

இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 35 இருக்கிறதே, 25-ஐத் தாண்டுகிறதே என்று கேட்பீர்கள். அந்த 35-ஐ நம்பலாம், எப்போது என்றால் இனிமேல் பந்தயமே கிடையாது என்னும்போது. எதிராளி தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டால், நீங்கள் ஒரே தடவை விலை கொடுத்து இரண்டு சீட்டையும் பார்க்கிறீர்கள். கையில் இன்னும் கொட்டை இருந்தால் டர்னுக்குப் பிறகு அவர் மறுபடி விலை கேட்பார். புதிதாகப் படித்தவர்கள் நான்கால் பெருக்கிவிட்டு இதைக் கவனிக்காமல் போகிறார்கள். எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கலர் விழுந்த பிறகு எதிராளி இன்னும் பத்து, இருபது கொடுக்கக்கூடியவர் என்றால் அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். கிங் ஜோடியை விடவே மாட்டாத ஆள் என்று தெரிந்தால் அந்த 10-ஐ வைக்கலாம். நடுவில் மூன்று ஸ்பேட் தெரிந்ததும் சுருங்கிவிடுகிற ஆள் என்றால் வைக்கக் கூடாது. கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவது இங்கேதான்.

இரண்டு முனையும் திறந்த வரிசைக்கு, அதாவது கையும் பொதுவும் சேர்ந்து 6-7-8-9 இருந்தால், உதவுகிற சீட்டு எட்டு. நடுவில் ஒன்று குறைகிற வரிசைக்கு நான்கே நான்கு. அந்த நான்கை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள்தான் எல்லா மேஜையிலும் கொட்டையைத் தொலைக்கிறார்கள்.

கேள்வி: போக்கர் என்றாலே பொய் சொல்கிற ஆட்டம் என்கிறார்கள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள எனக்கு வராது. நான் ஆட முடியுமா?
- வாசகி, சோழவந்தான்

பதில்: தாராளமாக ஆடலாம், அக்கா. ப்ளஃப், அதாவது வெறுங்கையோடு பந்தயம் போட்டு மிரட்டுவது, முகத்தில் இல்லை, பந்தயத்தில் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி, தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர்கள் நான்கு பேருடன் 1,20,000 கை ஆடி அவர்களைத் தோற்கடித்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது அது. அதற்கு ஏது முகம்? ஆனாலும் ப்ளஃப் செய்தது, கணக்கு வைத்துச் செய்தது. அதற்கு எழுபது ஆண்டுக்கு முன்பே ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை போக்கரை ஆராய்ந்து, நல்ல கைக்கு மட்டுமே பந்தயம் போடுகிறவர் தோற்பார் என்பதைக் காட்டியிருந்தார். காரணம் எளிது. நீங்கள் போட்டாலே நல்ல கைதான் என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் விலகிவிடுவார்கள், உங்கள் நல்ல கைக்கு ஒன்றும் கிடைக்காது.

கணக்கு இதுதான். நடுவில் 20, நீங்கள் வெறுங்கையோடு 10 வைக்கிறீர்கள். மூன்று தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் எதிராளி விலகினால் உங்களுக்கு லாபம். எப்போதுமே விலகாத ஆள் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். அவரிடம் ப்ளஃப் செய்யவே கூடாது, நல்ல கை வரும்வரை பொறுங்கள்.

கேள்வி: என் மகன் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிறான். ராத்திரி முழுக்கப் போனில் போக்கர். "ஃப்ரீ சிப்ஸ்தான்மா, மூளைக்கு வேலை" என்கிறான். நம்பலாமா? இது சட்டப்படி சரியா?
- தாயார், வில்லாபுரம்

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் இணையக் கம்பெனிகள் ரம்மியையும் போக்கரையும் பணத்துக்கு நடத்தி வந்தன. நம் மாநிலம் கொண்டுவந்த தடையை சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் ரத்து செய்தது. அடுத்து வந்த சட்டத்திலும் ரம்மி, போக்கர் மீதான தடை 2023 நவம்பரில் செல்லாமல் போனது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவரைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே பணத்துக்குப் பதில் இலவச வில்லை வைத்து ஆடுகிற ஃப்ரீ சிப்ஸ் ஆட்டம் குற்றமில்லை. ஆனால் அது படிப்பா என்று கேட்டால், இல்லை. தீர்ந்தால் மறுபடி இலவசமாகக் கிடைக்கிற சிப்ஸை யாரும் கீழே வைத்துக் காப்பாற்ற மாட்டார்கள். எல்லாக் கைக்கும் எல்லாரும் உள்ளே வருவார்கள். போக்கரின் உயிரான ஃபோல்டு அங்கே கிடையாது. ராத்திரி முழுக்க ஆடினாலும் அவன் படிப்பது விரலால் தட்டுவதை மட்டும்தான்.

அவனிடம் கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "நடுவில் 20 இருக்கிறது, எதிராளி 10 போடுகிறான், தொடர உனக்கு எத்தனை சதவீதம் வேண்டும்?" உடனே 25 என்றால் பிள்ளை நிஜமாகவே ஆட்டத்தைப் படிக்கிறான், போனை வைத்துவிட்டு நண்பர்களோடு நேரில் உட்காரச் சொல்லுங்கள். முழித்தால், அவன் தூக்கத்தை மட்டும் செலவழிக்கிறான். வங்கிக் கணக்கிலிருந்து சின்னச் சின்னத் தொகையாகப் போகிறதா, நண்பர்களிடம் கைமாற்று வாங்குகிறானா என்றும் பாருங்கள். டெலிகிராம் குரூப், வெளிநாட்டுத் தளம் என்று பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். விட முடியாமல் தவிக்கிறான் என்றால் 14416 அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். அவனைத் திட்டி ஒதுக்காதீர்கள் அம்மா. கடனை மறைக்க வேண்டிய நிலைக்கு அவன் தள்ளப்படுவதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: பணம் வைக்காமல் ஆடினால் யாரும் பயந்து விலகமாட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் புளியங்கொட்டை வைத்து எப்படிப் பழகுவது?
- வங்கி ஊழியர், கே.கே. நகர்

பதில்: நல்ல கேள்வி. புளியங்கொட்டையில் குறையில்லை, தீர்ந்ததும் டப்பாவிலிருந்து இன்னொரு கை அள்ளிக் கொடுக்கிறோமே அதில்தான் குறை. நூறு தீர்ந்தால் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது, மற்றவர்களுக்குச் சீட்டுப் போட வேண்டும். கூடவே ஒரு நோட்டுப் போடுங்கள். அன்றன்று யாரிடம் எத்தனை மிஞ்சியது என்று எழுதி, மாதம் முடிந்ததும் கூட்டுங்கள். எங்கள் கப்பலில் மாதக் கடைசியில் அடியில் இருப்பவர் மெஸ்ஸில் எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், நான், சீஃப் இன்ஜினியர் என்று பதவி பார்க்காமல் கழுவினோம். சீஃப் இன்ஜினியர் அந்தத் தட்டுகளுக்குப் பயந்து இரண்டு ஜோடியைக் கீழே வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இருபது வாஷர் பந்தயத்தை வெறித்துப் பார்த்தபடி, கையிலிருந்த சீட்டின் மூலையைக் கட்டை விரலால் மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தள்ளிவிட்டார். பணம் வைத்த மேஜையில் ஒருவர் என்ன யோசிப்பாரோ அதையேதான் அவரும் யோசித்தார்.

காசு வைத்தால் ஆட்டம் கூர்மையாகும் என்பார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு அது நடப்பதில்லை. போன கையில் போனதை இந்தக் கையில் எடுக்க வேண்டும் என்ற அவசரம் வந்ததும், 19 சதவீதம் அவர் கண்ணுக்கு 40 ஆகத் தெரியும். சொந்தக்காரர்களுக்குள் ஆடினால் மனத்தாங்கல் வேறு. அதனால் என் மேஜையில் இன்றைக்கும் காசு கிடையாது.

கேள்வி: எந்தச் சீட்டுக்கட்டு வாங்குவது?
- வாசகர், பேரையூர்

பதில்: முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருகிற கட்டு வாங்குங்கள். காகிதக் கட்டு மதுரை வெயிலில், வியர்த்த கையில் சீக்கிரம் மூலை மடங்கும். மூலை மடங்கிய ஏஸை எல்லாரும் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எண் பெரிதாக அச்சிட்டதாக இருந்தால் நடுவில் கிடக்கும் ஐந்து சீட்டும் எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். வேறு வேறு நிற முதுகில் இரண்டு கட்டு இருந்தால், ஒன்றில் ஆடும்போது மற்றொன்றை ஒருவர் கலைத்துக்கொண்டிருக்கலாம். பிளாஸ்டிக் கட்டு அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வைக்கலாம்.